எப்போதாவது மட்டும் சூடேறும் எஞ்சின்: ஆஃப்ரோடு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்டி மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. திடீரென்று ஒரு நாள் வெப்ப மீட்டரின் முள் சிவப்பைத் தொடுகிறது. மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள். எப்போதும் சூடாகிற வண்டியில் கோளாறு எந்நேரமும் கண்ணெதிரே இருக்கும். எப்போதாவது சூடாகிற வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போனால் சமர்த்தாக நிற்கும். அங்கே ஆளாளுக்கு ஒரு பாகத்தைக் கைகாட்டுவார்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பணம்தான் கரையும்.

முள் ஏறத் தொடங்கிய நேரத்தில் என்ன வேகம், எந்த கியர், மேடா சமதளமா, ஏசி ஓடியதா, காற்று முன்னாலிருந்து வீசியதா பின்னாலிருந்தா, வண்டி கிளம்பி எத்தனை நிமிடம் ஆகியிருந்தது, பிறகு எதைச் செய்ததும் முள் இறங்கியது என்று எழுதி வையுங்கள். மூன்று நான்கு முறை எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியவரும்.

என் வண்டி இரண்டு வருடம் இப்படிப் படுத்தியது. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி எல்லாம் புதிதாகப் போட்டேன். பிறகு குறிப்பு எழுதத் தொடங்கினேன். வீட்டு ஆட்களோடு போன பயணங்களில் ஒருமுறைகூட சூடாகவில்லை, தனியாகப் போனபோதுதான் சூடானது. ஆட்கள் இருந்தால் ஏசி போடுவேன், தனியாகப் போனால் கண்ணாடியை இறக்கிவிடுவேன். வித்தியாசம் அவ்வளவுதான். ஏசி போட்டால் எஞ்சினுக்குச் சுமை கூட வேண்டும், ஆனால் இங்கே ஏசி போட்டால் சூடு வரவில்லை. ஏசி ஓடும்போது ரேடியேட்டரின் மின்விசிறியும் கூடவே ஓடும். ஏசி இல்லாதபோது அதை ஓட வைக்க வேண்டியது ரேடியேட்டரில் இருக்கும் வெப்ப சுவிட்ச். அதன் கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்துப்போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் தொல்லை தீர்ந்தது.

முதலில், நிஜமாகவே சூடாகிறதா? மீட்டர் தவறாகக் காட்ட வாய்ப்பு உண்டா?

நிறையவே உண்டு. முள் ஏறுகிற விதத்தைப் பாருங்கள். பல லிட்டர் கூலன்டும் அதைச் சுற்றியிருக்கும் இரும்பும் ஒரு நொடியில் 30 டிகிரி சூடாக முடியாது. முள் துள்ளிக் குதித்து ஏறி, குழியில் விழுந்து எழுந்ததும் இறங்கினால் அது வயரிங் கோளாறு. ஹெட்லைட் போட்டதும் முள் கொஞ்சம் நகர்ந்தால் எர்த் வயரைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான வெப்ப சென்சார்களில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். அதனால் சிக்னல் வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் மீட்டர் உச்சத்தைக் காட்டும். வயர் அறுந்தால் குளிர்ந்தே இருப்பதாகக் காட்டும். கரடுமுரடான பாதையில் அதிர்ந்து அதிர்ந்து ஓடும் வண்டியில் இரண்டுமே நடக்கும்.

இதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கத் தவறு. பல வண்டிகளில் முள் வேண்டுமென்றே நடுவில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 80 முதல் 105 டிகிரி வரை எதுவாக இருந்தாலும் அது அசையாது. அசையும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறத் தொடங்கியிருக்கும். கூலன்ட் குறைந்து சென்சார் நீராவியிலோ காற்றிலோ நின்றுவிட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் இயல்பாகக் காட்டக்கூடும். ஓபிடி சாக்கெட் (எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்கும் செருகுமிடம்) உள்ள வண்டியானால் சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகி உண்மையான டிகிரியைப் பாருங்கள். பழைய வண்டிக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் மீட்டர் பொருத்துங்கள். பெரிய டயர் வாங்கும் முன் இதை வாங்கச் சொல்வேன்.

பாதையில் போய்க்கொண்டிருக்கும்போதே காரணத்தை ஓரளவு பிரித்தறிய வழி இருக்கிறதா?

ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். டேஷ்போர்டு ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், அதற்குள்ளும் அதே கூலன்ட்தான் ஓடுகிறது. முள் மேலே இருக்க, ஹீட்டரிலிருந்து அனல் அடித்தால் கூலன்ட் எஞ்சினுக்குள் சுற்றி வருகிறது, வெளியே வெப்பத்தை விட முடியாமல் திணறுகிறது என்று பொருள். விசிறி, ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் பக்கம் தேடுங்கள். முள் மேலே இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தள்ளவில்லை. அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை) மெதுவாகப் பாறை ஏறும்போது மட்டும் சூடாகிறது. ரோட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் ஓட்டினால் இறங்கிவிடுகிறது. ஏன்?

ஆஃப்ரோடு வண்டிகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ரோட்டில் போகும்போது வண்டியின் வேகமே ரேடியேட்டருக்குக் காற்றைத் தள்ளிக் கொடுக்கிறது. ஊர்ந்து போகும்போது அந்த வேலை முழுக்க விசிறியின் தலையில் விழுகிறது. விசிறியில் உள்ள சின்னக் குறையை ரோடு மறைத்துவிடும், பாறை காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறியானால் நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். அதற்குள் சிலிகான் எண்ணெய், முன்முகத்தில் இருவகை உலோகத்தாலான ஒரு சுருள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் திரும்பி, எண்ணெயை உள்ளே விட்டு, விசிறியை இறுகப் பிடிக்க வைக்கும். எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து தீரும்போது பிடியும் மெல்ல மெல்லத் தளரும். அதனால்தான் இந்தக் கோளாறு ஒரே நாளில் வராது. மிதமான வெயிலில் ஒன்றும் தெரியாது, கடும் வெயிலில் கைகொடுக்காது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு விசிறியைக் கையால் சுண்டிவிடுங்கள். உடனே நின்றால் நல்லது. மூன்று நான்கு சுற்று தாராளமாகச் சுற்றினால் கிளட்ச் முடிந்துபோயிற்று. கிளட்சின் முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிசுபிசுப்பான கோடுகள் ஓடியிருந்தாலும் அதே தீர்ப்புதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் விசிறி இரைவது நோயல்ல, இரவில் தேங்கிய எண்ணெய் பரவுகிற சத்தம் அது.

மின்விசிறியானால் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் அணைந்திருந்தாலும் அது தானாகச் சுற்றத் தொடங்கலாம், கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். முதலில் ஏசியைப் போட்டு விசிறி ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் மோட்டாரும் ஃபியூஸும் பெரும்பாலும் சரி, வெப்ப சிக்னல் வரும் வழியைத் தேட வேண்டும். ஓடவில்லையென்றால் ரிலே, எர்த், கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். பிரஷ் தேய்ந்த மோட்டார் குளிர்ந்திருக்கும்போது ஓடும், சூடானால் அடம்பிடிக்கும், குச்சியால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும். இப்படிப்பட்டது ஒர்க்ஷாப் சோதனையில் எப்போதுமே தேறிவிடும். வயர் மாற்றி இணைத்ததால் விசிறி தலைகீழாகச் சுற்றுவதும் நடக்கிறது. கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் காற்று எதிர்த்திசையில் போகிறது.

விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டான ஷ்ரவுடை, கைக்கு இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடுவோர் உண்டு. அது இல்லாத விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்தில் இருக்கிற சூடான காற்றையே கடைந்துகொண்டிருக்கும்.

எனக்கு நேர்மாறு. ரோட்டில் வேகமாகப் போனால்தான் சூடு. ஊர்ந்து போனால் ஒன்றும் இல்லை.

அப்படியானால் காற்றை விட்டுவிட்டு கூலன்ட் ஓட்டத்தைப் பாருங்கள். வேகத்தில் எஞ்சின் கொட்டுகிற வெப்பம் அதிகம். அதைச் சுமந்துபோக ரேடியேட்டருக்குள் குழாய்கள் திறந்திருக்க வேண்டும். துரு, சுண்ணாம்புப் படிவம், யாரோ எப்போதோ ஊற்றிய ஒழுகல் அடைப்பான் இவையெல்லாம் பாதிக் குழாய்களை மூடியிருந்தால் மெதுவான ஓட்டத்துக்கு மிச்சம் உள்ளது போதும், வேகத்துக்குப் போதாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தை மெதுவாக வருடிப் பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே ஓட்டம் இல்லை. பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி தவறான அளவு காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பாருங்கள்.

அடுத்தது கீழ் ஹோஸ். அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். ரப்பர் தளர்ந்துபோனால் 3000 ஆர்பிஎம் தாண்டும்போது உறிஞ்சலில் சப்பிப்போய் வழியை அடைத்துக்கொள்ளும். ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) மறுபடி உப்பி அப்பாவியாக இருக்கும். வண்டியை நியூட்ரலில் போட்டு நன்றாகச் சூடாக்கி, ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்க, நீங்கள் டார்ச் அடித்து அந்த ஹோஸைப் பாருங்கள். சில ஹோஸ்களுக்குள் இது நடக்காமலிருக்கவே கம்பிச்சுருள் இருக்கும். அது துருப்பிடித்து உதிர்ந்திருக்கலாம்.

பம்ப்பின் உள்சக்கரம் தேய்ந்தோ, தண்டில் நழுவியோ போனாலும் இதே அறிகுறிதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன் பம்பருக்குக் கீழே தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பு பாறையில் இடிக்கிறது என்று பலரும் கழற்றிவிடுகிறோம். வேகத்தில் காற்றை ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுகிற வேலை அதற்கும் உண்டு.

சேற்றில் விளையாடிவிட்டு வந்தேன். வண்டியை நன்றாகக் கழுவியும்விட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சூடாகத் தொடங்கியது. சேற்றுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

ரேடியேட்டரின் முகத்தைக் கழுவியிருப்பீர்கள். சேறு தங்குவது அங்கே இல்லை. கிரில்லுக்குப் பின்னால் ஏசி கண்டென்சர், சில வண்டிகளில் இன்டர்கூலர், அதற்கும் பின்னால்தான் ரேடியேட்டர். இவற்றுக்கு இடையே உள்ள விரலளவு இடைவெளியில் சேறும் புல்விதையும் சேர்ந்து காய்ந்து கெட்டியாகி உட்கார்ந்திருக்கும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். ஈரமாக இருந்தபோது ஓரளவு வெப்பத்தைக் கடத்திய சேறு, காய்ந்தபின் கம்பளி போலப் போர்த்திக்கொள்கிறது. இரண்டு வாரக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

இருட்டிய பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு. சுத்தம் செய்ய மேல் கிளாம்ப்புகளைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முதலில் நன்றாக ஊறவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவான தண்ணீரால் அலசுங்கள். உயர் அழுத்த வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின்கள் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்) படுத்துவிடும், அதன்பின் சேறே இல்லாமலும் காற்று போகாது. கீழே வடிகிற தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள். இதற்கு ஒரு முழுக் காலைப் பொழுது பிடிக்கும்.

ஆற்றைக் கடந்த பிறகு?

ஆழமான நீரில் சுற்றும் விசிறி இலைகள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கீறியிருக்கலாம், வட்டமான கீறல் தெரிகிறதா பாருங்கள். மின்விசிறி நீருக்குள் சுற்ற முயன்று ஃபியூஸ் போயிருக்கலாம். ஆற்றில் தண்ணீர் புகாமலிருக்க கிரில்லில் தார்ப்பாய் கட்டியிருந்தால் அதை அவிழ்த்தீர்களா என்பதையும் பாருங்கள்.

செங்குத்தான மேட்டில் மட்டும் முள் ஏறி, சமதளம் வந்ததும் இறங்குகிறது.

சுமையால் இருக்கலாம். ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று ஓடுகிற சத்தமும் கேட்டால், கூலன்ட் குறைவாக இருந்து உள்ளே காற்று இருக்கிறது. காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும். வண்டி சாய்கிற திசைக்கு ஏற்ப அந்த உயரமான இடம் மாறுவதால்தான் அறிகுறி வந்து வந்து போகிறது.

ரேடியேட்டரோடு இணைந்த ரிசர்வ் கூலன்ட் பாட்டிலில் அளவு சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பாட்டில் நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாக இருக்க முடியும், மூடி கெட்டிருந்தால் அதுதான் நடக்கும். முழுக்கக் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி நிற்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடிக்கு அவ்வளவு முக்கியத்துவமா?

ஆம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தாங்கும் மூடி போட்டால் அது 129 டிகிரி வரை தள்ளிப்போகிறது. அந்த இருபத்திரண்டு டிகிரியில்தான் மேடு ஏறுகிற வண்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால், 110 டிகிரியிலேயே கூலன்ட் கொதித்துப் பாட்டிலுக்குத் தப்பிவிடும். மலை உச்சியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் நிலைமை இன்னும் மோசமாகும். மூடியில் உள்நோக்கித் திறக்கும் சின்ன வால்வும் இருக்கிறது. குளிர்ந்த பிறகு மேல் ஹோஸ் ஒடுங்கிச் சப்பிப்போயிருந்தால் அந்த வால்வு திறக்கவில்லை. வண்டிக்குக் குறிப்பிட்ட அழுத்த அளவிலேயே புதிய மூடி வாங்குங்கள். கூடுதல் அழுத்தத்துக்கு வாங்கினால் பழைய ஹோஸ்தான் வெடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஆகாது என்கிறார்களே?

பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் கீழ்த்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்த வழி திறந்தே கிடந்து, சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும். சூடு கூடும். அப்படி பைபாஸ் இல்லாத எஞ்சினானாலும் சரியான வெப்பத்தை எட்டாமலே ஓடித் தேயும்.

ஆனால் சந்தேகம் நியாயமானதே, தெர்மோஸ்டாட் சிலசமயம் மட்டும் சிக்கிக்கொள்ளும். கிளம்பிப் பத்து நிமிடத்தில் முள் உயரே போய், பிறகு ஒரே மூச்சில் இயல்புக்கு இறங்கினால் அது தாமதமாகத் திறக்கிறது. கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் வெந்நீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு பாருங்கள். அதன்மேல் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். ஒருமுறை திறந்தது என்று விட்டுவிடாமல் ஏழெட்டு முறை ஆறவைத்துச் சூடாக்குங்கள். திரும்பப் பொருத்தும்போது அதில் உள்ள சின்னக் காற்றுத்துளை மேலே இருக்கட்டும்.

ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சீல்) போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணெயில் பால் நிறம், வெள்ளைப் புகை எல்லாம் முற்றிய நிலை. ஆரம்பத்தில் சுமையில் மட்டும் சிலிண்டரில் எரிந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கூலன்ட்டுக்குள் நுழையும், அதனால்தான் விட்டுவிட்டு வருகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். இன்னும் சூடே ஆகாத நிலையில் கல் போல விறைத்திருந்தால் அந்த அழுத்தம் வெப்பத்தால் வந்ததல்ல.

உறுதிப்படுத்த நீல நிற இரசாயனத் திரவம் உள்ள சோதனைக் குழாய் கிடைக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து அங்குள்ள காற்றை உறிஞ்சினால், எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். ஐட்லிங்கில் செய்து நிறம் மாறவில்லை என்று நிம்மதியடையாதீர்கள். நல்ல மேடு ஒன்றை ஏறிவிட்டு வந்து, ஆறவைத்து மூடியைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து சோதியுங்கள். டீசலில் இது இன்னும் முக்கியம், ஐட்லிங்கில் அதன் புகையில் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு. டீசல் வண்டியில் வெளியே சொட்டுகூட ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஈஜிஆர் கூலரையும் (புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து எஞ்சினுக்கே திருப்பிவிடும் பாகம்) பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி. மணலில் மட்டும் சூடாகிறது.

பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. மணலில் ஹை ரேஞ்சில் திணறும்போது டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) நழுவி நழுவிக் கொதிக்கிறது, அந்தச் சூடு முழுக்க கூலன்டில் இறங்குகிறது. எஞ்சினில் குறையே இல்லாமலிருக்கலாம். லோ ரேஞ்சுக்கு மாறுங்கள், டயர் காற்றைக் குறையுங்கள். அடிக்கடி மணலுக்குப் போகிறவர் தனி எண்ணெய் கூலர் பொருத்துவது நல்லது.

முன்னால் பொருத்தும் வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட இயந்திரம்), கூடுதல் லைட் எல்லாம் காரணமாகுமா?

ஆகும். கிரில்லை மறைக்கிற எதுவும் காற்றை மறைக்கும். பொருத்திய தேதியையும் சூடு தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காட்டுக்கு நடுவில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள், முடிந்தால் காற்று வரும் திசைக்கு முகம் காட்டி நிறுத்துங்கள். நீராவி வரவில்லை, ஒழுகவில்லை, ஹீட்டரில் அனல் வருகிறது என்றால் நியூட்ரலில் 1500 ஆர்பிஎம் அளவில் ஓடவிடுங்கள். பம்ப்பும் விசிறியும் சுற்றிக்கொண்டிருக்கும்போது சீராகக் குளிரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் முள் இறங்கவில்லை, அல்லது கூலன்ட் போய்விட்டது என்றால் உடனே அணையுங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். 120 டிகிரியில் அழுத்தத்தில் இருக்கும் திரவம் மூடி திறந்த அந்தக் கணத்தில் நீராவியாக முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறக்கிறேன், கொஞ்சமாகத் திருகுகிறேன் என்று முயன்றவர்களின் தழும்புகளைப் பார்த்திருக்கிறேன். மேல் ஹோஸை வெறும் கையால் சாவகாசமாக அழுத்த முடிகிறவரை காத்திருங்கள். முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டுத் தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். வெந்துபோன எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். வெறும் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேர்ந்தால், அதை அப்படியே விட்டுவிடாமல் வடித்துச் சரியான கலவையை நிரப்புங்கள். வடித்ததைத் தரையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நக்கிக் குடிக்கிற நாய் செத்துப்போகும்.

எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. இன்னும் எப்போதாவது சூடாகிறது.

குளிர்விக்கிற பக்கத்தில் குறையில்லை என்றால் சூடாக்குகிற பக்கம் பாருங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பின் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் மிகவும் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின் அதையும் இழுத்துக்கொண்டு போகிறது. டீசலில் மேட்டில் கரும்புகை தள்ளினால் எரிபொருள் அதிகம் போகிறது, அல்லது காற்று போதவில்லை. பெட்ரோலில் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கினாலும், கலவையில் எரிபொருள் குறைந்தாலும் சூடு கூடும்.

அதோடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறை சூடானால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். மாற்றிய பிறகு, நோட்டில் எழுதியிருக்கிற அதே மேட்டுக்கு, அதே கியரில், ஏசியும் அன்றைக்கு இருந்தது போலவே வைத்துக்கொண்டு போங்கள்.